எந்திரத்திற்கும் குடியுரிமையா?

“காடு பொதுச்சொத்து. பொதுச்சொத்திலே எவரும் போகலாம். எவரும் போகலாம் என்றால், எதில் ஏறிக்கொண்டும் போகலாம். ஆகவே தடத்தைத் திற, மேலும் திற, இன்னும் திற!”

அமெரிக்க நாட்டிலே காட்டு மோட்டார்ப் பிரியர்கள் எழுப்பிவரும் முழக்கத்தின் சாரம் இது. செவிக்கு இனிக்கத்தான் செய்கிறது. ‘பொது’ என்ற சொல்லே நமக்கு இனிக்கும் சொல்லாயிற்றே! கிணறு பொது, குளம் பொது, தெரு பொது, பள்ளி பொது என்று கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்டவர்கள் நாம். அதனாலே, பொது என்ற கொடியைப் பிடித்துக்கொண்டு எவர் வந்தாலும், நம் தோழர்களில் சிலர் சற்றும் எண்ணிப் பாராமல் எழுந்து நின்று வணக்கம் செலுத்திவிடுகிறார்கள். கொடியைப் பார்த்தால் போதுமா? பிடித்திருக்கும் கை எவருடைய கை, அந்தக் கை அடுத்து எதைப் பிடிக்கப் போகிறது என்று பார்க்க வேண்டாமா?

அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலுள்ள காட்டைப் பற்றி நமக்கென்ன கவலை என்று கேட்பாரும் இருக்கக்கூடும். வால்டேர் பிறந்தது வண்ணாரப்பேட்டையில் அல்ல. இங்கர்சால் பேசியது ஈரோட்டுத் திடலில் அல்ல. என்றாலும் எடுத்துக்கொண்டோம், எடுத்தாண்டோம். அங்கே நடக்கும் வழக்கு, மரத்தைப் பற்றிய வழக்கு மட்டுமல்ல. பொது என்ற சொல்லுக்குப் பொருள் என்ன என்பதைப் பற்றிய வழக்கு. அதில் நமக்கும் பங்கு உண்டு.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுவோம். அமெரிக்க ஒன்றிய அரசின் வேளாண்மைத் துறையின்கீழ் வனப்பணித் துறை ஒன்று 1905 முதல் இயங்கி வருகிறது. அதன் பொறுப்பில் 154 தேசியக் காடுகள். புல்வெளிகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் 19 கோடியே 30 இலட்சம் ஏக்கர். தமிழ்நாட்டைப்போல் ஆறு மடங்கு நிலம்! மன்னனுக்கும் சொந்தமில்லை, மடத்துக்கும் சொந்தமில்லை, கம்பெனிக்கும் சொந்தமில்லை. குடிமக்களுக்கே சொந்தம் என்கிறது சட்டம். (அந்தக் குடிமக்களுக்கு அது எப்படிச் சொந்தமாயிற்று என்பது தனிக் கதை. அதற்கும் வருவோம்.)

அந்தக் காடுகளிலே, சாலை இல்லாத இடத்தில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்ட வண்டிகள் நுழைந்தன. போர்க்களத்திலிருந்து திரும்பிய ஜீப்பு முதலில். மோட்டார் சைக்கிள் அடுத்து. தடித்த சக்கரம் நான்கு பூட்டிய ஏ.டி.வி. அதற்கடுத்து, இன்றைக்கு, இருவர் அருகருகே அமர்ந்து பாறைமேல் ஏறத்தக்க ‘சைடு-பை-சைடு’. பனிக்காலத்துக்கென்று தனியாகப் பனிமோட்டார். 1972-இல் இவ்வண்டிகளில் உலவியோர் ஏறத்தாழ 50 இலட்சம் பேர். 2000-இல் 3 கோடியே 60 இலட்சம் பேர். வனப்பணித் துறையே வெளியிட்ட கணக்கு இது. எண்ணிக்கை ஏழு மடங்காயிற்று. காடு ஏழு மடங்காயிற்றா? ஒரு முழம்கூட வளரவில்லை.

விபரீதத்தை உணர்ந்தவர் எவர் என்று எண்ணுகிறீர்கள்? பொதுவுடைமைக்காரர் என்று எந்தப் பகைவரும் பழி சுமத்த முடியாத குடியரசுத் தலைவர் நிக்சன்! 1972 பிப்ரவரி 8-ஆம் நாள் அவர் பிறப்பித்த 11644 எண்ணிட்ட ஆணை என்ன கூறிற்று? பொது நிலத்திலே மோட்டார்த் தடம் அமைப்பதானால், மண்ணுக்கும் நீர்ப்பிடிப்புக்கும் செடிகொடிகளுக்கும் கேடு மிகக் குறைவாக இருக்கும் இடத்தில்தான் அமைக்க வேண்டும். விலங்குகளுக்கு ஏற்படும் தொல்லை மிகக் குறைவாக இருக்க வேண்டும். அதே நிலத்தை வேறு வகையில் அனுபவிப்போருடன் ஏற்படும் மோதல் மிகக் குறைவாக இருக்க வேண்டும். 1977-இல் கார்ட்டர் ஒருபடி மேலே சென்றார்: கேடு பெரிதாகிறது என்று கண்டால், அந்த இடத்தை அந்த வண்டிக்கு உடனே மூடு என்றார்.

ஆணை பிறந்தது, அலுவலகத்து அலமாரியிலே அயர்ந்து உறங்கிற்று. ‘மூடியிருக்கிறது என்று பலகை வைக்காத இடமெல்லாம் திறந்த இடம்’ என்பதே பல காடுகளில் நடைமுறை. 2005 நவம்பரில்தான் வனப்பணித் துறை விதியைத் திருப்பிப் போட்டது. வரைபடத்தில் ‘மோட்டார் போகலாம்’ என்று குறித்த தடத்தில் மட்டுமே மோட்டார். குறிக்காத இடம் மூடிய இடம். விதி சிறிது, மாற்றம் பெரிது. முன்பெல்லாம் காட்டின் சார்பில் பேசுவோர், கேடு என்று மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. இனி மோட்டாரின் சார்பில் பேசுவோர், கேடு குறைவு என்று காட்ட வேண்டும். மெய்ப்பிக்கும் சுமை தோள் மாறிற்று. அந்தத் தோளிலிருந்து அதை இறக்கத்தான் இத்தனை ஆரவாரம்!

இனி, நம் தோழர்களை மயக்கும் வாதத்தை எடுத்துக்கொள்வோம். “பாதையில் நடக்க உரிமை கேட்டுத்தானே உங்கள் தலைவர் வைக்கத்திலே சிறை சென்றார்? பாதை கேட்பவர் பக்கம் நிற்பதல்லவா உங்களுக்கு அழகு?” கூர்மையான கேள்வி. கூச்சமின்றி விடை கூறுவோம்.

1924-இல் வைக்கத்துக் கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடக்கக்கூடாது என்று தடுக்கப்பட்டவர் யார்? மனிதர். எதனால் தடுக்கப்பட்டனர்? பிறப்பினால். கிருத்துவரும் இசுலாமியரும் நடக்கலாம். ஈழவரும் புலையரும் நடக்கக்கூடாது! தடுக்கப்பட்டவர் எதைக் கழற்றி வைத்துவிட்டு வந்தால் உள்ளே விட்டிருப்பார்கள்? செருப்பையா, சட்டையையா? பிறப்பைக் கழற்ற முடியுமா? அந்தக் கொடுமையை எதிர்த்துத்தான் பெரியார் இருமுறை சிறைப்பட்டார். அமெரிக்கக் காட்டிலே தடுக்கப்படுவது எது? எந்திரம். அதன்மேல் அமர்ந்திருக்கும் மனிதர் இறங்கிக் கீழே கால் வைத்த அந்தக் கணமே, எந்தக் கதவும் அவருக்கு மூடியதல்ல. வெள்ளையரோ கறுப்பரோ, செல்வரோ வறியவரோ, கத்தோலிக்கரோ கடவுளை மறுத்தவரோ, எவரும் நடந்து போகலாம். பிறப்பினால் வைத்த தடையும் பெட்ரோலுக்கு வைத்த தடையும் ஒன்று என்பவர், வைக்கத்தையும் அறியார், காட்டையும் அறியார்.

இதை வெறும் சொல் விளையாட்டு என்று தள்ளுவோருக்கு ஊட்டா மாநிலத்து ரிக்காப்சர் பள்ளத்தாக்கைக் காட்டலாம். அது தேசியக் காட்டைச் சேர்ந்ததன்று. வேறொரு துறையின் பொறுப்பிலுள்ள பொது நிலம். ஆயினும் வழக்கு அதே வழக்கு. இன்றைய பியூப்ளோ மக்களின் முன்னோர் வாழ்ந்த வீடுகளின் எச்சங்களும் அவர்களுடைய புதைகுழிகளும் அங்கே உண்டு. அனுமதியின்றி அங்கே மோட்டார்த் தடம் வெட்டினார்கள்; பழஞ்சின்னங்கள் சிதைந்தன. ஆகவே 2007-இல் அதிகாரிகள் அதை மோட்டாருக்கு மூடினார்கள். மோட்டாருக்கு மட்டுமே! நடந்து போகத் தடையில்லை, குதிரை ஏறிப் போகவும் தடையில்லை. 2014 மே 10-ஆம் நாள், அந்தக் கவுண்டியின் ஆட்சிக்குழு உறுப்பினர் பில் லைமன் தலைமையில், ஏ.டி.வி.க்களை முழக்கிக்கொண்டு ஒரு கூட்டம் அதற்குள் இறங்கிற்று. உரிமைப் போராட்டமாம், சட்ட மறுப்பாம், அறப்போராம்! பதவியில் இருப்பவர், பல்லாயிரம் டாலர் வண்டிமேல் அமர்ந்து, வாயற்றுப் போன மக்களின் புதைகுழி அருகே புழுதி கிளப்பிச் செல்வதற்கு அறப்போர் என்று பெயர்! 2015-இல் அவருக்குப் பத்து நாள் சிறைத் தண்டனை கிடைத்தது. 2020 டிசம்பரில் குடியரசுத் தலைவர் டிரம்ப் மன்னிப்பும் வழங்கிவிட்டார். வைக்கத்தில் சிறை சென்றவர்களுக்கு எந்த மன்னர் வீட்டு மன்னிப்பும் தேவைப்படவில்லை, தெருதான் தேவைப்பட்டது.

‘மாமூல்’ என்றொரு வாதத்தையும் வைத்திருக்கிறார்கள். நமக்கு மிகவும் பழக்கமான பண்டம்! காட்டிலே ஒருவர் ஒரு நாள் சட்டத்துக்குப் புறம்பாகப் புதரை நெரித்து வண்டி விடுகிறார். அந்தச் சக்கரத் தடத்தைப் பிடித்துப் பத்துப் பேர் வருகிறார்கள். ஐந்தாண்டு கழித்து வரைபடம் தீட்டும்போது, “இது ஏற்கெனவே இருக்கும் தடமாயிற்றே, இதை எப்படி மூடலாம்?” என்கிறார்கள். மீறல், வழக்கமாகிறது, வழக்கம், உரிமையாகிறது. ஊட்டா மாநிலமோ இன்னும் பின்னே போய், 1866-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் ஒன்றைத் தோண்டி எடுத்திருக்கிறது. பொது நிலத்தின் குறுக்கே நெடுஞ்சாலை போட உரிமை தந்த ஒற்றை வரி அதில் உண்டு. 1976-இல் நாடாளுமன்றம் அதை நீக்கிவிட்டது. அதற்கு முன்னரே நிலைபெற்ற உரிமைகளை மட்டும் விட்டுவைத்தது. அந்த இடுக்கிலே நுழைந்து, 12,000-க்கும் மேற்பட்ட வழிகள் தன்னுடையவை என்று அம்மாநிலம் வழக்காடுகிறது. அவற்றுள் வண்டி போகும் நல்ல சாலையும் உண்டு. மாடு போன தடமும், வறண்ட ஓடைப்படுகையும் உண்டு.

பாட்டன் போனான், அப்பன் போனான், ஆகவே நானும் போவேன் — வேறெந்தக் காரணமும் வேண்டாமாம். தீண்டாமைக்கும் இதுதானே காரணமாகச் சொல்லப்பட்டது? தொன்மை என்பது ஒரு செயலின் வயதைக் காட்டும்; அதன் தகுதியைக் காட்டுமா?

இனி, மண்ணுக்கு வருவோம். இங்கேதான் வாதம் வாய்ப்பேச்சை விட்டு, கண்ணால் காணத்தக்கதாகிறது. பகுத்தறிவாளர் நின்று பார்க்க வேண்டிய இடமும் இதுவே.

காட்டு மண் வெறும் தூள் அன்று. உதிர்ந்த இலையும் வேரும் புழுவும் சேர்ந்து அதிலே எண்ணற்ற நுண்துளைகளை ஆக்கி வைத்திருக்கின்றன. மழை பெய்தால் துளை வழியே நீர் இறங்குகிறது. மெல்ல மெல்லக் கசிந்து, கோடையிலும் ஓடையை ஓட வைக்கிறது. கனத்த வண்டி திரும்பத் திரும்ப ஏறி இறங்கினால் துளை நசுங்குகிறது. நீர் இறங்க வழியில்லை, மேலே ஓடுகிறது. ஓடுவதற்குச் சக்கரம் போட்ட பள்ளமே வாய்க்கால். ஒவ்வொரு மழைக்கும் வாய்க்கால் ஆழமாகிறது. ஆழமான பள்ளத்தில் வண்டி சிக்குகிறது. சிக்கியவர் பக்கத்திலே புதுவழி பார்க்கிறார். ஒற்றைத் தடம் இரட்டையாகிறது, இரட்டை நாலாகிறது. நசுங்கிய மண் மறுபடி தளர எத்தனை காலமாகும்? 1942 முதல் 1944 வரை, போருக்குப் பழகுவதற்காக, தளபதி பேட்டன் அமைத்த முகாமின் டாங்கிகள் கலிபோர்னியா, அரிசோனாப் பாலைநிலத்தில் ஓடின. போர் முடிந்தது, பேட்டன் மாண்டார், அவரை எதிர்த்தவர்களும் மாண்டனர். எண்பதாண்டு கழித்தும் டாங்கித் தடம் அங்கே தெரிகிறது! பாலைநிலம் ஆறுவதற்கு நாளாகும், மழைக்காடு விரைவில் ஆறிவிடும் என்று சொல்லக்கூடும். மழைக்காட்டுக்கே போவோம்.

வட கரோலினா மாநிலத்தின் மேற்கு மூலையிலே நன்டஹேலா தேசியக் காடு. அதில் டெல்லிக்கோ ஆற்றின் தலைப்பகுதி. மலைச்சரிவு, மிகுந்த மழை. ஜீப்பு ஓட்டுவோருக்கு அந்நாட்டிலேயே பேர்பெற்ற இடமாக அது விளங்கிற்று. பல மாநிலங்களிலிருந்தும் வந்தார்கள். அந்த ஓடைகளிலே ‘புருக் டிரவுட்’ என்ற மீன் வாழ்கிறது. நம் நீலகிரியில் வெள்ளையர் கொணர்ந்து விட்ட டிரவுட்டைப்போல் வந்தேறியது அல்ல. அந்த மலைக்கே உரிய மீன். இலையுதிர் காலத்தில், ஓடையின் அடியிலுள்ள சரளைக் கற்களின் இடுக்கிலே அது முட்டையிடும். கல்லிடுக்கு வழியே தெளிநீர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் முட்டைக்கு உயிர்க்காற்று கிடைக்கும். மேலே தடத்திலிருந்து அரித்து வரும் சேறு இடுக்கை அடைத்துவிட்டால்? முட்டை மூச்சுத் திணறிச் சாகும். வண்டி மீனை ஏற்றிக் கொல்லவில்லை. வண்டியோட்டி மீனைக் கண்டதே இல்லை. இரண்டு மைல் மேலே, சேற்றிலே சக்கரத்தைச் சுழற்றி அவர் சிரித்துக்கொண்டிருந்தபோது, கீழே ஒரு தலைமுறை மூச்சுத் திணறியது.

தடத்தைச் செப்பனிட்டுப் பார்த்தார்கள். சில வழிகளை மூடிப் பார்த்தார்கள். சேறு நிற்கவில்லை. 2009-இல் வனப்பணித் துறை அந்தத் தடங்கள் முழுவதையும் மோட்டாருக்கு மூடிற்று. ஓட்டுநர் சங்கத்தார் நீதிமன்றம் ஏறினர். மூடிய கதவு மூடியே நின்றது. அங்கே நடக்கலாம், மீன் பிடிக்கலாம், எவரும் தடுப்பதில்லை.

அந்த இடத்தின் பெயரைக் கவனித்தீர்களா? டெல்லிக்கோ என்பது செரோக்கி மக்களின் ஊர்ப்பெயர். அந்தத் தடங்கள் இருந்த கவுண்டிக்கும் செரோக்கி என்றே பெயர். பெயர் இருக்கிறது, மக்கள் எங்கே? 1830-இல் வெளியேற்றச் சட்டம் வந்தது. 1838-இல் படையை அனுப்பி, ஏறத்தாழ 16,000 பேரை மிசிசிப்பிக்கு அப்பால் நடத்திச் சென்றார்கள். வழியிலும் முகாம்களிலும் மாண்டவர் ஏறக்குறைய 4,000 பேர் என்பர். மலையிடுக்குகளில் எஞ்சி நின்ற சிலருடைய வழியினர் இன்றும் அருகிலே வாழ்கின்றனர். பிறகு மரக் கம்பெனிகள் வந்தன, மொட்டையடித்தன. 1911-இல் ஒரு சட்டம் செய்து, மொட்டையான மலைகளை அரசு விலைக்கு வாங்கிக் காடாக்கத் தொடங்கிற்று. ‘பொதுச்சொத்து’ பிறந்த வரலாறு இது. முன்னிருந்தவரைத் துரத்தி, பின்வந்தவர் சுரண்டி, எஞ்சியதை ஊர்ப்பணத்தில் வாங்கிப் பேணிய நிலம். இதிலே, “எங்கள் சுதந்தரம் பறிபோகிறது” என்று கூவ மிக இறுதியாக உரிமை உள்ளவர், சனிக்கிழமை தோறும் டிரக்கின் பின்னே வண்டியைக் கட்டி இழுத்து வருபவர் அல்லவா?

மோதல் என்கிறது நிக்சன் ஆணை. “எங்களுக்கு எவரோடும் மோதல் இல்லையே! நடப்பவர் நடக்கட்டும், நாங்கள் ஓட்டுகிறோம், காட்டில் எல்லோருக்கும் இடமுண்டு” என்கின்றனர் மோட்டார்க்காரர். எவ்வளவு பெருந்தன்மை! உண்மையாகவே அவர்களுக்கு மோதல் தெரிவதில்லை என்றுதான் நான் நம்புகிறேன். நடப்பவரால் ஓட்டுபவருக்கு என்ன இடர்? ஒன்றுமில்லை. நூறு பேர் நடந்தாலும் அவருடைய எந்திரத்தின் இரைச்சலில் ஒரு துளி குறையாது. ஓட்டுபவரால் நடப்பவருக்கு? ஒரே ஒரு வண்டி, பள்ளத்தாக்கின் அமைதி முழுவதையும் ஒருவரே எடுத்துச் செலவழித்துவிட்டுப் போகிறது. மோதல் ஒருபக்கத்து மோதல். அக்கிரகாரத்து ஐயரும் சேரித் தோழருடன் தமக்கு எந்தப் பகையும் இல்லை என்றுதானே சொல்லி வந்தார்? மிதிப்பவருடைய உள்ளங்காலுக்கு வலி ஏது!

விலங்குகளைக் கேட்டால் சொல்லும். கேட்டும் இருக்கிறார்கள். ஒரிகன் மாநிலத்து ஸ்டார்க்கி ஆய்வுக்காட்டிலே, எல்க் என்னும் பெருமான்களின் கழுத்தில் கருவி பூட்டி, ஏ.டி.வி., மலைச் சைக்கிள், நடை, குதிரை ஆகிய நான்கையும் தனித்தனியே விட்டுப் பார்த்தார்கள். 2018-இல் வெளிவந்த முடிவு: நான்கையும் கண்டு மான் விலகுகிறது, ஏ.டி.வி.யைக் கண்டு மிகுதொலைவு விலகுகிறது. நடப்பவரைக் கண்டும் விலகுகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. நடப்போருக்கும் வரம்பு தேவைப்படும் இடங்கள் உண்டு. ஆனால், “நீயும்தானே தொல்லை தருகிறாய்” என்பது, தான் தரும் பெருந்தொல்லைக்கு விடையாகுமா? 2015-இல், மொன்டானாவின் பீவர்ஹெட்-டீர்லாட்ஜ் காட்டில் பனிமோட்டாருக்கு விட்ட இடங்களைப் பற்றிய வழக்கிலே, ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவாகவே கூறிற்று: விதிகளை நினைத்துப் பார்த்தோம் என்று துறை சொன்னால் போதாது, தொல்லையைக் குறைக்க, அவ்விதிகளை ஒவ்வொரு பகுதிக்கும் எப்படிப் பொருத்தினோம் என்று காட்ட வேண்டும். “மனத்தால் நினைத்தோம், புண்ணியம் கிட்டிற்று” என்ற கணக்கெல்லாம் கோயிலோடு நிற்கட்டும்!

கோயில் என்றதும் மற்றொன்று. காட்டைக் காக்க வந்தோரிலும் சிலர், அதைத் தெய்வத்தின் ஆலயம் என்று பாடத் தொடங்கிவிடுகிறார்கள். அமெரிக்கக் காட்டியக்கத்தின் மூதாதை ஜான் மியூர் அவ்வாறே எழுதினார். நம்மூரிலும் வனதேவதை, கானகத்தாய் என்று கற்பூரம் கொளுத்துவோர் உண்டு. இதனால் காட்டுக்கு நன்மையில்லை. கோயில் என்றால் பூசாரி வருவார். பூசாரி வந்தால், உள்ளே எவர் வரலாம், எவர் வரக்கூடாது என்ற பட்டியலும் உடன் வரும். சேறும் சரளையும் மீன்முட்டையும் போதுமான சான்று. தெய்வத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டிய அளவுக்கு நம் வழக்கு வலுவற்றதன்று.

எதிர்த்தரப்பில் நேர்மையான குறை ஒன்று உண்டு. அதை ஒதுக்கிச் செல்வது முறையாகாது. “இது பட்டணத்துப் படித்தவர் எங்கள்மீது காட்டும் ஏளனம். மர அறுவை ஆலை மூடிற்று, சுரங்கம் மூடிற்று, ஊரில் வேலை இல்லை. வாரத்தில் ஒரு நாள் பிள்ளைகளோடு வண்டி ஓட்டுவதையும் பறிக்கிறார்கள். வண்டியோட்டிகள் வந்தால் எங்கள் கடையில் நாலு காசு புழங்கும்.” இப்படிப் பேசும் தொழிலாளியைக் கண்டு முகம் சுளிக்கும் மலையேறிக் கூட்டமும் அங்கே இருக்கத்தான் செய்கிறது. உயர்ந்த விலைச் செருப்பணிந்து, உழைப்பவனின் பொழுதுபோக்கைப் பழிக்கும் அந்தப் போக்கு நமக்கு உடன்பாடன்று.

ஆனால் கணக்குப் பாருங்கள். நடப்பதற்கு விலை இல்லை. புது சைடு-பை-சைடு ஒன்றுக்கு இருபதாயிரம் டாலருக்கு மேலும் ஆகிறது. அதை ஏற்றிவர வண்டி, இழுத்துவர டிரக், எண்ணெய் தனி. எது ஏழையின் பொழுதுபோக்கு? வேலையிழந்த தொழிலாளியை முன்னே நிறுத்தி, அவர் தோளுக்குப் பின்னாலிருந்து பேசுவது வண்டி விற்கும் கம்பெனியின் குரல் அல்லவா?

ஊருக்கு வருவாய் வேண்டும் என்பதோ மெய். அதற்கும் அவர்கள் நாட்டிலேயே விடை இருக்கிறது. மேற்கு வர்ஜீனியாவிலே, 1996-இல் மாநிலச் சட்டமன்றம் ஓர் ஆணையத்தை அமைத்து, 2000-இல் ஹாட்ஃபீல்ட்-மெக்காய் தடங்களைத் திறந்தது. இன்று ஆயிரம் மைலுக்கு மேல்! அவை பெரும்பாலும் நிலக்கரி, மரக் கம்பெனிகளின் நிலம். ஏற்கெனவே குடைந்து, கொத்தி, குலைத்துப் போட்ட மலைகள். வருபவர் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு ஓட்டுகிறார். சுரங்கம் மூடிய ஊர்களிலே விடுதியும் உணவகமும் நடக்கின்றன. காயம்பட்ட நிலத்தில் வண்டி விடுவதற்கும், காயம்படாத நிலத்தைத் தேடிப் போய்க் காயப்படுத்துவதற்கும் வேறுபாடு இல்லையா? இதுமட்டுமன்று. 1991-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட ஒன்றிய அரசின் தடநிதியில், குறைந்தது 30 விழுக்காடு மோட்டார்த் தடங்களுக்கென்றே ஒதுக்கப்படுகிறது. கேட்பாரற்றுக் கிடக்கும் கூட்டமாகவா தெரிகிறது?

“உடல் குன்றியோர், முதியோர் காட்டைக் காண வேண்டாமா?” வேண்டும்! அவர்கள் பெயரால் கேட்பவர்கள் ஒன்றை மட்டும் சொல்வதில்லை. நடக்கத் தடையில்லாத இடமெல்லாம் சக்கர நாற்காலிக்கும் தடையில்லை. வண்டியே புகக்கூடாத கன்னிக்காட்டிலும் அதற்கு இடமுண்டு என்று 1990-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. உடல் குன்றியோருக்குச் செய்ய வேண்டியவை இன்னும் ஏராளம். மரப்பலகைப் பாதை, சரிவுப்பாதை, நாற்காலி ஏற்றும் ஊர்தி. இவற்றுக்கு நிதி கேட்டு மோட்டார்ச் சங்கத்தார் ஊர்வலம் நடத்தட்டும், நாம் கைதட்டுவோம். முடியாதவர் பெயரைச் சொல்லி முரடர் நுழையும் வழக்கம் வேண்டாம்.

அவர்களிடம் மீதமிருக்கும் வாதம் ஒன்றுதான். அதில் வலுவும் உண்டு. “மரம் வெட்டும் கம்பெனிக்கு மலையைத் திறந்துவிட்டீர்கள். எங்கள் சக்கரம் மட்டும்தானா உறுத்துகிறது?” உண்மை. தேசியக் காடுகளுக்குள்ளே இன்றுள்ள சாலைகள் 3 இலட்சத்து 70 ஆயிரம் மைல். பூமியைப் பதினைந்து முறை சுற்றலாம். அவற்றிலே பெரும்பங்கு மரத்துக்காகப் போட்டது. ஏ.டி.வி. ஓடும் தடங்கள் பலவும், லாரி போய்க் கைவிட்ட வழிகளே. 2001-இல், சாலை புகாத 5 கோடியே 85 இலட்சம் ஏக்கரில் இனிச் சாலை போடுவதற்கும் மரம் வெட்டுவதற்கும் தடை விதித்தார்கள். மோட்டார்த் தடங்களுக்கு அவ்விதி தடை விதிக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த விதியையே நீக்கப் போவதாக 2025 ஜூனில் வேளாண்மைச் செயலாளர் ரோலின்ஸ் அறிவித்தார். காரணம் கூறியபோது, காட்டுத்தீயைத் தடுப்பதையும் மரத் தொழிலையும் சொன்னார்.

மோட்டார்ப் பிரியர் ஒருவர் இந்த அறிவிப்பைக் கேட்டு மகிழ்ந்திருந்தால், அவரிடம் கேட்க நமக்கு ஒரு கேள்வி உண்டு. கம்பெனிக்கு ஒரு நீதி, உமக்கு ஒரு நீதியா என்று முறையிட்டீரே, இப்போது கம்பெனிக்கும் கதவு திறக்கிறபோது நீர் எந்தப் பக்கம்? அந்த 5 கோடியே 85 இலட்சம் ஏக்கரிலே சாலை போட்டால், முதலில் அதில் ஏறி வரப்போவது உம்முடைய ஏ.டி.வி. அன்று, மரம் ஏற்றும் லாரி.